பதவி இறங்கலாம், பட்டம் இறங்காது

(ஜூபிலி விழாவை முன்னிட்டு நடைபெற்ற மும்மாலைக் கூட்டங்களின் இரண்டாம் நாளில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நேற்று மாலை நம் பங்கின் பழைய நாட்களைப் பற்றிக் கேட்டு மகிழ்ந்தோம். இன்று உங்கள் முன் வைக்கப் போவது சற்றுக் கடினமான பொருள். உங்களில் பலர் விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, நாளெல்லாம் ஏலக்காட்டில் குனிந்து காய் பறித்து, இறங்கி வந்து முகம் கழுவிய கையோடு இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் களைப்பு நமக்குத் தெரிகிறது. ஆதலால் சுற்றி வளைக்காமல் பேசுகிறோம்.

ஜூபிலி மலருக்காக, இந்தப் பங்கில் பணி செய்த குருக்களின் பட்டியலைத் தயாரித்துக் கொண்டிருந்தோம். ஒருநாள் மாலை நம் பங்கின் பெரியவர் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். பட்டியலை வாங்கிப் படித்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சாமி, ஒரு பேரு மட்டும் இடிக்குதுங்க. நடுவுல விட்டுட்டுப் போனவரு. அவரையும் மத்தவங்களோட சேத்துப் போடணுமா?”

அவர் பகைமையால் கேட்கவில்லை. “எம் மூத்த மகளுக்கு முதல்நன்மை குடுத்தவரு சாமி அவரு. சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாரே” என்று அடுத்துச் சொன்னபோது அவர் குரல் கம்மியது. அவர் கேட்டது கோபம் அல்ல, மனக்காயம். அந்தக் காயம் இங்கே அமர்ந்திருக்கும் இன்னும் பலருக்கு உண்டு என்பதை நாம் அறிவோம்.

அந்தக் குருவானவரின் பெயரை இந்த மேடையில் சொல்லப் போவதில்லை. பெரியவர்களுக்குத் தெரியும், சிறியவர்களுக்கு இன்று தேவையில்லை. அவர் ஓடிப்போனவர் அல்ல. பொதுப் பணியிலிருந்து விலகிச் செபத்தில் வாழ விரும்பித் தம் ஆயரிடம் எழுதிக் கேட்டார். ஆயர் உடனே சரி என்று சொல்லவில்லை. காத்திருக்கச் சொன்னார்; பலமுறை அழைத்துப் பேசினார்; முடிவில் அனுமதித்தார். இன்று அவர் ஒரு சிறு வீட்டில், தினமும் திருப்பலி ஒப்புக்கொடுத்து, செபமாலை சொல்லி, தம் சோற்றைத் தாமே பொங்கி உண்டு வாழ்கிறார். இதை அந்நாளில் யாரும் உங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை. விளக்கம் இல்லாத இடத்தில் வதந்தி முளைக்கும். “சண்டை போட்டுட்டுப் போயிட்டாரு” என்றார்கள், “தண்டனை” என்றார்கள், வேறு என்னென்னவோ சொன்னார்கள். அந்தப் பழி சொல்லியவர்களுக்கு மட்டும் உரியதல்ல. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருந்த நம்மைப் போன்ற குருக்களுக்கும் அதில் பங்குண்டு.

ஆகவே கேள்வியை நேராகவே எடுத்துக் கொள்வோம். ஒரு கத்தோலிக்கக் குரு, தாமாக விரும்பி, மக்கள் நடுவே செய்யும் பணியிலிருந்து விலகலாமா?

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக் காண்போம். பட்டம் ஒன்று; பதவி வேறு. ஆயர் ஒருவருடைய தலையில் கைகளை வைத்துச் செபித்து அவரைக் குருவாக அபிஷேகம் செய்கிறாரே, அது பட்டம். இந்த ஊருக்குப் பங்குக்குரு, அந்தப் பள்ளிக்குத் தாளாளர் என்று நியமனக் கடிதம் வருகிறதே, அது பதவி. திருத்தந்தை 2-ஆம் அருள் சின்னப்பர் 1983-ல் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதைத் தெளிவாகக் கூறுகிறது. முறைப்படி பெற்ற குருப்பட்டம் ஒருபோதும் செல்லாததாகி விடாது. அது ஞானஸ்நானத்தைப் போல ஆன்மாவில் பதிந்த முத்திரை. பதவியோ கொடுக்கப்படுவது, ஆதலால் திரும்ப ஒப்படைக்கப்படவும் கூடும்.

அப்படியானால் நினைத்த மாத்திரத்தில் ஒப்படைத்து விடலாமா? முடியாது. நியாயமான காரணம் வேண்டும். எழுத்து மூலமாகவோ இரண்டு சாட்சிகள் முன்னிலையிலோ கேட்க வேண்டும். பங்குக்குரு பதவி விலகுவதானால் ஆயர் அதை ஏற்றுக்கொண்டால்தான் அது செல்லும். இன்னொன்றையும் சட்டம் கூறுகிறது. அதைச் சற்றுக் கவனித்துக் கேளுங்கள். அநியாயமாக அச்சுறுத்தி வாங்கிய ராஜினாமா, வஞ்சகத்தால் வாங்கிய ராஜினாமா, இவை செல்லவே செல்லா. ஒரு கூட்டம் சேர்ந்து, கையெழுத்து வேட்டை நடத்தி, ஒரு சாமியாரை விரட்டி விட்டு, “அவராத்தான் போனாரு” என்று சொன்னால் அது சட்டத்தின் முன்னும் பொய். ஆண்டவர் முன்னும் பொய்.

வயது முதிர்வின் காரணமாக ஓய்வு பெறுவதை நாம் எளிதாக ஏற்கிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்தபின், 1966-ல் திருத்தந்தை 6-ஆம் சின்னப்பர், ஆயர்களும் பங்குக்குருக்களும் 75 வயதுக்குள் தாமே முன்வந்து பதவி விலகக் கேட்டுக் கொண்டார். அப்படி விலகும் பங்குக்குருவுக்கு உணவும் உறைவிடமும் கிடைக்கச் செய்வது ஆயரின் கடமை என்று இன்றைய சட்டம் கூறுகிறது. நோயுற்றவரையும் நாம் புரிந்து கொள்கிறோம். ஆனால் கைகால் நன்றாக இருக்கும்போதே, “நான் செபிக்கப் போகிறேன்” என்று ஒருவர் கேட்டால்தான் நமக்கு இடறலாக இருக்கிறது. “சும்மா இருக்கப் போறாரு” என்கிறோம்.

இதற்கு ஒரு சாட்சியைத் தேடி ரோமாபுரிக்குப் போக வேண்டியதில்லை. போடிமெட்டைத் தாண்டினால் வருகிற இடுக்கி மலைநாட்டிலேயே இருக்கிறது. கேரளத்தில் பாலா மறைமாவட்டத்தின் துணை ஆயராக இருந்தவர் மேதகு ஜேக்கப் முரிக்கன் ஆண்டகை. 1963-ல் பிறந்தவர்; 2012-ல் ஆயரானவர். 2016-ல், நோயுற்றிருந்த ஓர் இந்து இளைஞருக்குத் தம் சிறுநீரகம் ஒன்றைத் தானமாகக் கொடுத்தவர். இப்படிப்பட்டவருக்கு உள்ளத்தில் ஓர் அழைப்பு எழுந்தது. ஏகாந்தமாக, செபத்தில் வாழ வேண்டும் என்று. உடனே பெட்டியைக் கட்டிவிடவில்லை. தம் சீரோ மலபார் திருச்சபையின் அதிகாரிகளிடம் விண்ணப்பித்தார், ஆண்டுகள் காத்திருந்தார். 2022 ஆகஸ்டு மாதத்தில் அவருடைய ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டது. அப்போது அவருக்கு வயது 59. 75 ஆவதற்கு இன்னும் 16 ஆண்டுகள் இருந்தன. இடுக்கி மாவட்டத்தில் நல்லதண்ணி என்னும் இடத்தில் தவ வாழ்வை மேற்கொண்டார்.

அவர் ஆயர் பட்டத்தை இழந்தாரா? இல்லை. திருச்சபையை விட்டுப் போனாரா? இல்லை. பதவியை இறக்கி வைத்தார், பட்டத்தோடு மலையேறினார்.

நம் தமிழ்நாட்டிலும் முன்மாதிரி உண்டு. பிரான்ஸ் நாட்டு லியோன் மறைமாவட்டக் குரு ஜூல்ஸ் மோன்சானின் அடிகளார் 1939-ல் திருச்சி மறைமாவட்டத்திற்கு வந்தார். குளித்தலைப் பகுதியின் சிற்றூர்களில் பத்தாண்டுக் காலம் எளிய பங்குப்பணி செய்தார். தவ வாழ்வுக்கான ஆவல் அவருள் நெடுங்காலம் இருந்தது. 1950-ல், திருச்சி ஆயர் மெந்தோன்சா ஆண்டகையின் ஆதரவோடு, ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஹென்றி லெ சோ அடிகளாருடன் காவிரிக்கரையில் தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார். சாந்திவனம் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கும் முதலில் உழைப்பு, பிறகு காத்திருப்பு, பிறகு ஆயரின் சம்மதம் என்ற வரிசையைக் காண்கிறோம்.

திருச்சபையின் தலைமைப் பீடத்திலும் இது நிகழ்ந்தது. 2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், லூர்து அன்னை திருநாளன்று, தம் 85-ஆம் வயதில், திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் பதவி விலகப் போவதை அறிவித்தார். 1415-ல் 12-ஆம் கிரகோரியார் விலகிய பிறகு ஏறக்குறைய 600 ஆண்டுகளாக நிகழாத ஒன்று. உலகமே திகைத்தது. அவரோ வத்திக்கான் தோட்டத்தில் ஒரு சிறு மடத்தில் ஏறத்தாழ பத்தாண்டுகள் செபித்து வாழ்ந்து, 2022 டிசம்பர் 31 அன்று ஆண்டவரிடம் சென்றார். திருத்தந்தையின் விலகலை ஏற்க மேலே ஓர் அதிகாரி இல்லை. ஆயினும் அது சுதந்திரமாகவும் வெளிப்படையாகவும் செய்யப்பட வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. மற்றக் குருக்களுக்கோ மேலே ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கீழ்ப்படிவதாகத்தான் பட்டத்தன்று கைகூப்பி வாக்களித்தோம்.

இங்கே மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கேட்டவருக்கெல்லாம் அனுமதி கிடைப்பதில்லை. பங்குக்குருக்களின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னியை எடுத்துக் கொள்வோம். 1818 முதல் ஆர்ஸ் என்னும் சிற்றூரில் பணி செய்தவர். நாள்தோறும் பல மணி நேரம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அடைபட்டுக் கிடந்தவர். இந்தப் புனிதர் தம் பங்கை விட்டுப் போக முயன்றது ஒருமுறையல்ல! ஏகாந்தத்தில் தம் பாவங்களுக்காக அழ வேண்டும் என்பதே அவர் ஆசை. 1843-ல் தம் சொந்த ஊருக்கே போய்விட்டார். மக்கள் அங்கும் தேடிச் சென்றார்கள். 1853-ல் இரவோடு இரவாகக் கிளம்பினார். ஊர்மக்கள் கோயில் மணியை அடித்துத் திரண்டு தடுத்தார்கள். ஆயர் அவரை விடுவிக்கவில்லை. அவர் திரும்பி வந்து அதே தொட்டியில் அமர்ந்தார். 1859 ஆகஸ்டு 4-ஆம் நாள் ஆர்ஸிலேயே கண்மூடினார்.

விலகிப் போக ஆசைப்பட்டது அவருடைய புனிதத்தைக் குறைக்கவில்லை. அனுமதி கிடைக்காதபோது திரும்பி வந்ததில்தான் அவர் புனிதம் விளங்குகிறது. ஆசை பாவமல்ல. ஆனால் ஆசையையே அழைப்பு என்று தானே தீர்ப்பளித்துக் கொள்வது ஆபத்து.

வேதாகமத்தில் இரண்டு இறைவாக்கினர் ஊரைவிட்டுப் போகிறார்கள். ஒருவர் யோனா. ஆண்டவர் நினிவேக்குப் போகச் சொன்னார். இவர் தர்சீசுக்குக் கப்பல் ஏறினார். மற்றவர் எலியா. களைத்து, பயந்து, பாலைவனத்தில் ஒரு செடியின் கீழ்ப் படுத்து, சாவு வந்தால் போதும் என்று வேண்டினார். ஆண்டவர் எலியாவை முதலில் கடிந்து கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். உறங்கவிட்டார். அப்பமும் தண்ணீரும் அனுப்பினார். மீண்டும் உறங்கவிட்டு மீண்டும் உணவளித்தார். அதன் பிறகே மலைக்கு அழைத்து, மெல்லிய ஓசையில் பேசினார். யோனா ஆண்டவரிடமிருந்து போனார். எலியா ஆண்டவரிடம் போனார். வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஊரைவிட்டுப் போனவர்களே. யார் யோனா, யார் எலியா என்று தெருமுனையில் நின்று தீர்ப்புச் சொல்ல நம்மால் முடியாது. அதற்காகத்தான் ஆயரும் ஆன்ம குருவும் காத்திருப்பும்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். இல்லையெனில் இந்த உரை நேர்மையாக இராது. நமக்கும் ஐம்பது கடந்துவிட்டது. ஞாயிறு காலை இங்கே பூசை முடித்து, மலையில் கிளைப்பங்கிற்கு ஏறி, இறங்கி வந்து ஓர் அடக்கம் முடித்து, மாலையில் திருவிழாக் கணக்குத் தகராறைத் தீர்த்துவிட்டுப் படுக்கும்போது, “போதும் ஆண்டவரே” என்று நாமும் சொன்னதுண்டு. குருமடத்தில் செபத்தைப் பற்றிப் படித்தோம். பங்கில் பெரும்பாலும் ரசீதுப் புத்தகத்தோடு வாழ்கிறோம். விலகிப்போன அந்தக் குருவை நாமும் ஒருகாலத்தில் உள்ளுக்குள் குறை கூறியவர்களே. அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது என்று இன்று ஒப்புக்கொள்கிறோம்.

சென்ற ஆண்டு அவரைப் போய்ப் பார்த்தோம். கட்டில் ஒன்று, பீடம் ஒன்று, அடுப்பு ஒன்று, அவ்வளவுதான் வீடு. “பங்கு எப்படி இருக்கிறது?” என்று பொதுவாகக் கேட்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் அப்படிக் கேட்கவில்லை. கோயில் வாசலிலிருந்து தொடங்கி, தெருத் தெருவாக, வீடு வீடாகக் கேட்டார். அந்த வீட்டுப் பாட்டி இருக்கிறாரா? இந்த வீட்டில் குடியை விட்டாரா? அந்தப் பையனுக்குக் கால் சரியானதா? அந்த வரிசையிலேயேதான் தினமும் உங்களுக்காக வேண்டிக் கொள்கிறாராம். அவர் கேட்ட பலர் இறந்துவிட்டார்கள் என்று நாம் சொன்னோம். “இறந்தவர்கள் வரிசையில் மாற்றிக் கொள்கிறேன்” என்றார். நாம் ஊரில் இருந்துகொண்டே தெரிந்து வைத்திராத வீடுகள் அவருக்குத் தெரிந்திருந்தன. வெட்கத்தோடு பஸ் ஏறினோம்.

ஏலக்காட்டில் வேலை செய்யும் உங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஏலச்செடிக்கு நேர்வெயில் ஆகாது. மேலே நெடுமரங்கள் நிழல் தர வேண்டும். அந்த மரங்களை யாரும் எடை போட்டு விற்பதில்லை. ஏலம் விடும் இடத்தில் அவற்றின் பெயரே வராது. ஆனால் அவற்றை வெட்டிவிட்டால் கீழே காய் ஏது? திருச்சபையிலும் காய் பறிப்பவர்கள் வேண்டும். நிழலாக நிற்பவர்களும் வேண்டும். எல்லாருமே நிழல்மரமானால் பறிக்க ஆளில்லை. ஆதலால்தான் யார் எங்கே நிற்பது என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்துகொள்ளத் திருச்சபை விடுவதில்லை.

இன்னொரு வகை விலகல் உண்டு. அதையும் ஒளிக்காமல் சொல்வோம். சிலர் குருக்கள் நிலையையே விட்டு விலகுகிறார்கள். மிகக் கனமான காரணங்களுக்காகவே திருப்பீடம் அதை அனுமதிக்கிறது. மணத்துறவுக் கடமையிலிருந்து விடுவிக்கத் திருத்தந்தை ஒருவருக்கே அதிகாரம். அதன்பின் அவர் திருப்பலி நிறைவேற்றக் கூடாது. பாவசங்கீர்த்தனம் கேட்கக் கூடாது. ஆனால் சட்டம் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. நாளை நம் மலைப்பாதை வளைவில் ஒரு ஜீப் கவிழ்ந்து ஒருவர் உயிர்போகும் நிலையில் கிடக்கிறார் என்று வையுங்கள். அந்த வழியாக அப்படி விலகிய ஒருவர் வருகிறார். சாகும் ஆபத்தில் உள்ளவருக்கு அவர் பாவமன்னிப்பு அளிக்கலாம்; அது செல்லும்; அது முறையானதும் ஆகும். எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும், வேட்டி சட்டையில் நின்றாலும், அந்தக் கையில் அபிஷேகம் இருக்கிறது. திருச்சபைத் தாய் தன் பிள்ளைகளில் எவருடைய பெயரையும் அழிப்பதில்லை. அவளே அழிக்காததை நாம் ஒரு ஜூபிலி மலரில் அழிக்கலாமா?

ஆகவே கேள்விக்கு விடை இது. குரு ஒருவர் பொதுப் பணியிலிருந்து விலகக் கேட்கலாம். நியாயமான காரணத்தோடு, ஒளிவுமறைவின்றி, கீழ்ப்படிதலோடு கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தால் நன்றியோடு போக வேண்டும். கிடைக்காவிட்டால் வியான்னியாரைப் போல் திரும்பி அமர வேண்டும். எப்படியாயினும் அவர் என்றும் குருவே.

உங்களுக்கும் மூன்று கடமைகள் உண்டு. ஒரு குரு மாறிப் போகும்போது காரணம் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லுங்கள், கதை கட்டாதீர்கள். பணியில் இருக்கும் குருவைச் சில்லறைச் சண்டைகளில் இழுத்து அலைக்கழிக்காதீர்கள். சப்பரத்தை எந்தத் தெரு முதலில் தூக்குவது என்பதற்காக எந்தக் குருவும் பட்டம் பெறவில்லை. விலகி வாழ்பவர்களையும் ஓய்விலிருப்பவர்களையும் மறவாதீர்கள். ஓர் அஞ்சலட்டை போதும், ஒரு பொழுது போய் உட்கார்ந்து வருவது அதைவிட நல்லது.

அந்தப் பெரியவருக்கு அன்று நாம் பேச்சால் விடை சொல்லவில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து அவர் முன் விரித்தோம். அவருடைய மகள் பெயர் இருந்த வரியின் கடைசியில் அந்தக் குருவின் கையெழுத்து இருந்தது. மை சற்று மங்கியிருந்தது. பெரியவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு பட்டியலை எடுத்து நம்மிடமே கொடுத்து, “போட்டுருங்க சாமி” என்றார்.

அவர் பெயர் மலரில் உரிய இடத்தில், உரிய ஆண்டுகளோடு, மற்றவர்களைப் போலவே அச்சாகும். அடைப்புக்குறியோ அடிக்குறிப்போ இராது. மலரின் பிரதி ஒன்று அவருக்கு அஞ்சலில் போகும். அவர் கையால் ஞானஸ்நானமும் முதல்நன்மையும் பெற்றவர்கள் விரும்பினால், நாளைக் காலைத் திருப்பலிக்குப் பின் பங்கு இல்லத்திற்கு வந்து, அந்தப் பிரதியின் முதல் தாளில் தங்கள் பெயரை எழுதிக் கொடுங்கள். அவருடைய வரிசையில் உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று அவர் அறிவார்.

பணியில் இருப்போரையும், விலகி இருப்போரையும், விண்ணுலகு சென்றோரையும், நம் என்றுமுள தலைமைக் குருவாகிய இயேசு கிறிஸ்து ஆசீர்வதிப்பாராக.

ஆமென்.